கொழும்புப் பிள்ளைக்கு ஒரு விலை, வந்த பிள்ளைக்கு ஒரு விலையா?

போன ஓகஸ்ட் விடுமுறைக்கு அக்கா குடும்பம் டொரன்டோவிலிருந்து வந்திருந்தது. ஓகஸ்ட் என்றால் தெரியும்தானே, தென்மேற்குப் பருவக்காற்று. வெள்ளவத்தைக் கடலும் சரி, கல்கிசைக் கடலும் சரி, பிள்ளைகளை இறக்கக்கூடிய நிலையில் இருக்காது. தண்டவாளத்தைத் தாண்டிப் போய் அலையைப் பார்த்துவிட்டு, ஒரு வடையைத் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மூன்று நாள் அப்படி அலை பார்த்ததில் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டது. நாலாம் நாள் ஒரு வான் பிடித்து, நகரத்துக்கு வெளியே தண்ணீர் விளையாட்டு இருக்கிற ஓர் இடத்துக்குப் போனோம்.

டிக்கெட் கூண்டுக்கு மேலே மூன்று மொழியிலும் விலைப்பலகை. உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெடியன் எங்கள் ஒன்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். என் பிள்ளைகள் இரண்டையும் அக்காவின் பிள்ளைகள் இரண்டையும் வரிசையில் நிறுத்தினால் எது எங்கே பிறந்தது என்று எனக்கே சில நேரம் பிடிபடாது, நாலுக்கும் எங்கள் அப்பாவின் மூக்கு. ஆனால் அக்காவின் சின்னவள் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தாள். கனடா இங்கிலிஷ். பெடியன் சிரித்துக்கொண்டே, "இந்த ரெண்டும் ஃபொறின்" என்று விரலால் எண்ணினான்.

சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "சித்தி, நான் ஃபொறினா? அம்மா என்னை யாழ்ப்பாணத்துப் பிள்ளை எண்டெல்லோ சொல்லுறவ?"

அக்காவிடம் இரட்டைக் குடியுரிமையும் அடையாள அட்டையும் இருந்தபடியால் அவளுக்கு உள்நாட்டு விலை. அத்தானிடம் கனடாக் கடவுச்சீட்டு மட்டும். தாய் உள்ளூர், பிள்ளை வெளியூர் என்று ஒரே குடும்பம் ஒரே வாசலில் இரண்டாகப் பிரிந்து உள்ளே போனது. எங்கள் அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயது. தண்ணீரில் கால்கூட நனைக்கப் போவதில்லை, நிழலில் இருந்து பைகளைக் காவல் காக்க வந்தவர். அவருக்கும் முழு டிக்கெட்.

திரும்பி வரும்போது வானுக்குள் பெரிய வாக்குவாதம். வேடிக்கை என்னவென்றால், கூடக் கட்டிய அத்தான்தான் அந்த விலையை நியாயம் என்றார். "நான் டொலரில உழைக்கிறன், கூடக் கட்டினா என்ன?" அக்காவுக்குக் கோபம். என் கணவர், "வெளிநாடு, உள்நாடு எண்டதை விடு, வரி கட்டுற ஊர்ச் சனத்துக்கு எங்கையாவது குறைச்சுக் குடுக்கிறாங்களா?" என்று வேறொரு பக்கத்தால் வந்தார். நாங்கள் போனது தனியார் இடம். அவர்கள் விரும்பிய விலையைப் போடலாம். ஆனால் நாளைக்குக் கொழும்புக்குள் மாநகர சபையோ அரசோ பொதுக்காசில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் விளையாட்டிடம் ஒன்று கட்டினால், அதன் பலகையில் என்ன எழுத வேண்டும்? அந்த வான் கேள்வியை நான் விடாமல் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் செலவு. தண்ணீர் தேங்காமல், தரையிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் பீய்ச்சியடிக்கிற மாதிரி இடங்கள் இரண்டு விதம். ஒன்றில் குழாய்த் தண்ணீர் வந்து, பிள்ளையில் பட்டு, நேரே வடிகாலுக்குப் போய்விடும். லபுகமவிலும் களட்டுவாவவிலும் தேக்கி, அம்பத்தலையில் களனி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து அனுப்புகிற குடிதண்ணீரை அப்படிக் கானில் விட கொழும்பில் யாருக்கும் மனம் வராது. மற்றது, ஒரே தண்ணீரை நிலத்தடித் தாங்கியில் சேர்த்து, வடிகட்டி, குளோரின் போட்டுத் திரும்பத் திரும்பப் பாய்ச்சுவது. இதில் சிக்கனம் உண்டு, ஆபத்தும் உண்டு. 2005இல் நியூயோர்க் மாநிலத்தில் செனெக்கா ஏரிப் பூங்காவின் பீய்ச்சுத் தளத்தில் விளையாடிய ஆயிரக்கணக்கானோருக்கு வயிற்றோட்டம் வந்தது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. அது சாதாரண அளவு குளோரினில் நாள்கணக்கில் சாகாது. அதனால் இப்படிப்பட்ட இடங்களில் குளோரினோடு புறஊதாக் கதிர் வீச்சும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பம்பி, மின்சாரம், வடிகட்டி, புறஊதா விளக்கு, தண்ணீரைச் சோதிக்கிற ஆள், கண்காணிக்கிற ஆள் என்று செலவில் பெரும்பகுதி பத்துப் பிள்ளை வந்தாலும் ஒன்றுதான், ஐம்பது வந்தாலும் ஒன்றுதான். ஐம்பத்தோராவது பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை என்று பம்பிக்குத் தெரியாது. ஆனால் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு இருநூறு பிள்ளைகள் நின்றால் கதை வேறு. தண்ணீரும் கெடும், விழுந்து மண்டையும் உடையும், வரிசையில் நின்றதே மிச்சம் என்று சனம் திட்டும். உண்மையில் தட்டுப்பாடு அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்குத்தான். செவ்வாய் காலை பத்து மணிக்கு இடம் சும்மா கிடக்கும்.

வானுக்குள் நாங்கள் மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறோம் என்று பிறகுதான் விளங்கியது. அத்தான் பேசியது யாரால் கூடக் கொடுக்க முடியும் என்பதை. என் கணவர் பேசியது யார் ஏற்கனவே கொடுத்துவிட்டார் என்பதை. நெரிசலை உண்டாக்குவது யார் என்பதை யாருமே பேசவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமான பலகை பொருந்தும்.

அத்தானின் பலகை எங்களுக்குப் பழக்கமானது. சிகிரியாவில் வெளிநாட்டவருக்கு 30 டொலருக்குக் குறையாது, உள்ளூர்க்காரருக்குச் சில்லறைக் காசு. இந்தியா போன்ற தெற்காசிய (சார்க்) நாட்டவருக்கு வெளிநாட்டு விலையில் ஒரு குறைப்பு. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையிலும் பேராதனைப் பூங்காவிலும் இரண்டு விலைதான். நாங்களும் தாஜ்மகால் வாசலில் இதை அனுபவிக்கிறோம்: இந்தியருக்கு 50, மற்ற வெளிநாட்டவருக்கு 1,100, இலங்கையரான எங்களுக்கு 540 இந்திய ரூபா. ஏசிக்கொண்டாவது கட்டுகிறோம். அங்கே அது பொருந்துகிறது. வாழ்க்கையில் ஒருமுறை, அதற்கென்றே விமானம் ஏறி வருகிறவர் கூடக் கொடுக்கிறார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளை பத்துத்தடவை வரட்டும் என்று விடுகிறார்கள்.

பிள்ளைகளின் தண்ணீர் விளையாட்டிடத்துக்கு யார் விமானம் ஏறி வருகிறார்கள்? காலிமுகத்திடல் ஹோட்டலில் தங்கும் ஜெர்மன் தம்பதிக்கு ஹோட்டலிலேயே நீச்சல் தடாகம் இருக்கிறது. பொது இடத்துக்கு வரப்போகிற 'வெளிநாட்டவர்' அனேகமாக அக்காவின் பிள்ளைகள் மாதிரி நல்லூர்த் திருவிழாவுக்கும் மடுத் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வந்த பிள்ளைகள், அம்மம்மா வீட்டில் பாய் போட்டுப் படுக்கிற பிள்ளைகள். அவர்களை மச்சான் மச்சாளிடமிருந்து வாசலில் பிரித்து எடுக்கிற காசு எவ்வளவு தேறும்? ஒரு மாதத்து வருமானம். மற்றப் பதினொரு மாதமும் அந்த வெளிநாட்டு விலை பலகையில் சும்மா தொங்கும். அத்தானுக்குக் கூடக் கொடுக்க மனமிருந்தால் உண்டியல் ஒன்று வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

என் கணவரின் பலகை இன்னும் சிக்கலானது. கொழும்பு மாநகர சபைக்கு வரி கட்டுகிறவருக்குக் குறைந்த விலை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஜனவரி 31க்குள் முழு வருட வரியையும் கட்டி 10 வீதக் கழிவு வாங்குகிற மனிதர் அவர், அதனால் இதில் அவருக்கு ஒரு பிடிமானம். அமெரிக்க, ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் இதுதான் நடைமுறை. ஆனால் அங்கேயும் வழக்குக்குப் போயிருக்கிறது. ஜெர்மனியில் பவேரியா மாநிலத்து நீர்ப்பூங்கா ஒன்றில் சுற்றியிருந்த ஐந்து உள்ளூராட்சிப் பகுதிகளின் ஆட்களுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிவு கொடுத்தார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒஸ்திரியர் ஒருவர் முழு விலை கட்டிவிட்டு வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஊர்க்காரர் என்ற ஒன்றே காரணமாக முடியாது. இடம் பற்றாது, ஊருக்கு மேலதிகச் சுமை வருகிறது என்பது போல ஏதாவது நியாயம் காட்ட வேண்டும். வெளியூராரை வரவழைப்பதற்கென்றே கட்டிய தடாகத்துக்கு அந்த நியாயம் கிடையாது என்றது நீதிமன்றம். அதற்கு முன்னரே, 1972இல், அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு கடற்கரை ஊர் வெளியூராரிடம் கூடக் கட்டணம் கேட்டபோது, கடலோரம் எல்லோருக்கும் பொது, கட்டணம் வாங்குவதென்றால் ஒரே கட்டணம்தான் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அது அவர்கள் சட்டம். எங்களுடைய அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை பிறந்த இடத்தைக் காட்டிப் பிரஜைக்குப் பாரபட்சம் செய்யக்கூடாது என்கிறது. வசிக்கும் இடத்தைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை. ஆகவே சட்டத்தை விட்டு, வாசலில் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

கொழும்பில் வசிக்கிறேன் என்று எதைக் காட்டி நிரூபிப்பது? அடையாள அட்டையை என்பீர்கள். என் கணவர் பத்தொன்பது வருடமாக வெள்ளவத்தையில் இருக்கிறார். அவருடைய அட்டையில் இன்னும் கரவெட்டி முகவரி. எங்கள் தொடர்மாடியில் பாதிப் பேரின் அட்டையில் வடக்கோ கிழக்கோதான் இருக்கும். கொட்டாஞ்சேனைக் கடையில் வேலை செய்கிற ஹட்டன் பிள்ளையின் அட்டையில் தேயிலைத் தோட்டத்து லயம். வாடகைக்கு இருப்பவர் மாதாமாதம் கொடுக்கிற வாடகைக்குள்ளேயே வீட்டுக்காரரின் வரியும் போகிறது, ஆனால் வரிப் பற்றுச்சீட்டு வீட்டுக்காரர் பெயரில், தண்ணீர் பில்லும் அவர் பெயரில். குடியிருப்பவர் பெயரை வாக்காளர் இடாப்பில் போடக்கூடச் சம்மதிக்காத வீட்டுக்காரர் எத்தனை பேர். கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுக்கலாம். பிள்ளையை ஒரு மணித்தியாலம் நனைய விடுவதற்காக ஒரு நாள் லீவு போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அடையாள அட்டை பதினைந்து வயதுக்குப் பிறகுதான். தண்ணீரில் குதிக்கப்போகிற பிள்ளையிடம் அட்டையே கிடையாது! சரி, தாயின் அட்டையைப் பார்ப்பதா, தகப்பனுடையதையா? எங்கள் வீட்டில் அது ஆளுக்கொரு மாவட்டம்.

இன்னொன்றும் இருக்கிறது. சிங்கள நண்பர்களுக்கு இதை விளங்கப்படுத்தக் கொஞ்சம் நேரம் எடுக்கும், எங்களுக்கு ஒரு சொல் போதும். அட்டையை வாங்கி, முகவரியைப் படித்து, "கொழும்பில என்ன வேலை?" என்று கேட்கிற குரல். 2007 ஜூனில் ஓர் அதிகாலை, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைத் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு போட்டுத்தான் அது நின்றது. காலம் மாறிவிட்டது, உண்மைதான். டிக்கெட் பெடியனுக்கு அதெல்லாம் தெரியாமலும் இருக்கலாம். இருந்தாலும் அட்டையை நீட்டும்போது கை கொஞ்சம் யோசிக்கிறது. பிள்ளைகள் விளையாடுகிற இடத்து வாசலில் அந்த யோசனை எனக்கு வேண்டாம்.

தெஹிவளைக்காரர் என்ன செய்வார் என்பதையும் கேட்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து நூறாம் நம்பர் பஸ்ஸில் சில நிமிடத்தில் போய்ச் சேருகிற தெஹிவளை வேறு மாநகர சபை. ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வாங்கில் இருக்கிற இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விலை வரும்.

அப்படியானால் எல்லோருக்கும் ஒரே விலையா? இதன் அழகு, பலகையில் ஒரு வரியோடு முடிந்துவிடும். யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் செலவைத் தேற்றுகிற அளவுக்கு ஒரே விலை வைத்தால் அது எங்களுக்கு வசதியாகவும், ஏழைக் குடியிருப்பான வனாத்தமுல்லைத் தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாததாகவும் இருக்கும். பொதுக்காசில் கட்டுவதே தடாகம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்காகத்தான். அத்தானுக்கும் அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கும் ஒரே விலை என்பதில் எனக்கும் ஒரு நெருடல் உண்டு, மறைக்கவில்லை.

இதற்கு இரண்டு இடங்கள் எனக்கு வழிகாட்டின. சிங்கப்பூரில் கார்டன்ஸ் பை த பே பூங்காவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்குள்ள கண்ணாடிக் குளிர்மாடங்களுக்கு உள்ளூர்வாசிக்கு ஒரு விலை, வெளியாருக்கு ஒரு விலை. அதே வளவுக்குள் இருக்கிற சிறுவர் தோட்டத்தில், தண்ணீர் பீய்ச்சுகிற இடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். பெரியவர்கள் பார்க்கப்போகும் பூவில் காசை எடுத்துக்கொண்டு, பிள்ளை நனைவதை விட்டுவிட்டார்கள். மற்றது அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்து ஹனவுமா குடா. அங்கே வெளியாரான பெரியவருக்கு 25 டொலர், மாநிலத்து அடையாள அட்டை வைத்திருப்பவருக்கு இலவசம். பன்னிரண்டும் அதற்குக் கீழும் என்றால் எங்கிருந்து வந்தாலும் இலவசம். பெரியவர்களை எப்படிப் பிரித்தாலும், இரண்டு இடத்திலும் பிள்ளையைப் பிரிக்கவில்லை.

எங்கள் ஒன்பது பேரை வைத்துக் கணக்குப் போட்டேன். விலைகள் நானாக வைத்தவை. உள்நாட்டவர் 400, வெளிநாட்டவர் 1,600 என்றால் எங்களுக்கு 7,200 ரூபா, அதில் மூன்று பேருக்கு மட்டும் 4,800. எல்லோருக்கும் 600 என்றால் 5,400. பிள்ளைகள் இலவசம், பெரியவருக்கு 800 என்றால் ஐந்து பேருக்கு 4,000. முகவரி பார்த்து விலை வைத்தால் எவ்வளவு வரும் என்று கடைசி வரை கணக்கு முடியவில்லை; அது கூண்டுக்குள் இருப்பவர் யாருடைய அட்டையை முதலில் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது.

என்னைக் கேட்டால் பலகையில் நேரத்தை எழுதச் சொல்வேன். வார நாள் காலையும் மத்தியானமும் பிள்ளைகளுக்கு இலவசம் அல்லது ஒரு பஸ் காசு. சனி, ஞாயிறு, போயா பின்னேரங்களில் ஒன்றரை மணித்தியாலத் தவணைகளாகப் பிரித்து, தவணைக்கு இத்தனை பேர் என்று கட்டி, நல்ல விலை. யாராக இருந்தாலும் அதே விலை. தட்டுப்பாடு எங்கே இருக்கிறதோ அங்கே விலை. அக்கா குடும்பம் மாதிரி விடுமுறைக்கு வந்தவர்கள் செவ்வாய்க் காலையில் வரலாம், அவர்களுக்கு எல்லா நாளும் ஞாயிறுதான். என் கணவரின் மனக்குறைக்கு வருட அட்டை ஒன்று: வரிச்சீட்டோ, வாடகை ஒப்பந்தமோ, கொழும்புப் பள்ளிக்கூடத்துக் கடிதமோ ஏதாவது ஒன்றைக் காட்டி, வருடத்தில் ஒருமுறை வட்டார நூலகத்தில் எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடக் கடிதம் போதும் என்பதுதான் இதில் முக்கியம். கரவெட்டி அட்டைக்காரர் பிள்ளையும் லயத்து அட்டைக்காரர் பிள்ளையும் அதற்குள் வந்துவிடும், தெஹிவளைப் பிள்ளையும் வரும். கேள்வி கேட்பதெல்லாம் அந்த மேசையோடு முடிந்துவிடும். வாசலில் அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போக வேண்டியதுதான்.

இதில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. வார நாள் காலை இலவசம் என்றால், ஞாயிறு மட்டும் லீவு கிடைக்கிற மூட்டை தூக்குகிற புறக்கோட்டை நாட்டாமையின் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதற்காக ஞாயிறு காலை முதல் தவணையையாவது இலவசமாக விட வேண்டும், விட்டால் அங்கேதான் நெரியும். தவணை முறைக்கு ஆள் வேண்டும், விசில் வேண்டும், வெளியே வரமாட்டேன் என்று அழுகிற பிள்ளையை இழுக்கிற தாய்க்குப் பொறுமை வேண்டும். அத்தானிடம் கூடுதலாக எடுக்கக்கூடிய காசும் கைவிட்டுப் போகிறது. நான் அதை விட்டுவிடத் தயார். சின்னவள் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

நனையாதவருக்கு டிக்கெட் வேண்டாம் என்பதையும் பலகையின் அடியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொல்வேன், அம்மாவுக்காக. நான் மேலே போட்ட கணக்கில் 4,000 அப்போது 3,200 ஆகும். அம்மா அந்த டிக்கெட்டை இன்னும் கைப்பைக்குள் மடித்து வைத்திருக்கிறார். தண்ணி படாத டிக்கெட்டுக்குக் காசைத் திருப்பித் தருவினமோ என்று போன கிழமையும் கேட்டார்.